அக்கா விற்காத மண்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. திதிக்கு வருகிற உறவினர் கையில் கொடுப்பதற்காக இந்தச் சிறு நினைவு மலரைத் தயாரித்தோம். இறந்தவர்களைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவது முறை. அக்காவைப் பற்றி எழுத நல்லது மட்டும்தான் இருக்கிறது, அதில் எனக்குச் சிரமமில்லை. ஆனால் அவர் வாழ்க்கையை உள்ளபடி எழுதினால் நடுவில் நான் செய்த ஒரு காரியம் வந்துவிடுகிறது. அதை விட்டுவிட்டு இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

அக்கா பிறந்தது அயனம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கூரை வீட்டில். அப்பா ஒரு பெரிய பண்ணையில் ஆள்காரர். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் பிறந்த இருவர் தங்கவில்லை, அதனால் எங்களுக்குள் ஒன்பது வயது வித்தியாசம். எனக்கு ஆறு வயதாகும்போது அம்மா காலமானார். அதற்கு முன்பே, அம்மாவுக்குத் துணையாக வேலைக்குப் போக, அக்கா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டிருந்தார். அம்மா போன பிறகு எனக்குச் சோறு ஊட்டியது, தலை வாரியது, அழ அழப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது எல்லாம் அவர்தான்.

அப்பா பல வருடம் தாலுகா அலுவலகத்துக்கு நடந்து, நிலமில்லாதவர்களுக்கு அரசு கொடுத்த பட்டாவில் அறுபது சென்ட் பெற்றார். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வெளியேறும் தண்ணீர் ஓடும் கால்வாயை ஒட்டிய இடம். வேலிகாத்தான் முள்ளும் கரையான் புற்றுமாகக் கிடந்தது. அப்பாவும் அக்காவும் அதை வெட்டி, ஏரி வறண்ட கோடையில் வண்டலைக் கூடையில் சுமந்து கொட்டி, எரு போட்டுக் கழனியாக்கினார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். என்னைக் கூடை தூக்க அக்கா விட்டதில்லை. "நீ படி, போ" என்பார்.

பத்தொன்பது வயதில் அக்காவுக்குத் திருவள்ளூர்ப் பக்கம் கல்யாணம் ஆயிற்று. மூன்றாம் வருடம் அத்தான் மஞ்சள் காமாலையில் இறந்தார். குழந்தை இல்லை. ஒரு தகரப் பெட்டியோடு அக்கா திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு அப்பாவும் போய்விட்டார். இருபத்து மூன்று வயதில் அந்தக் கழனியும் பதினான்கு வயதுத் தம்பியான நானும் அக்காவின் பொறுப்பில் வந்தோம்.

அக்கா கீரை போட்டார். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பனிக்காலத்தில் கொத்தமல்லி. விடியும் முன்பே பறித்துக் கட்டி, தலையில் சுமந்து பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் போவார். அங்கே காய்கறி மண்டி வைத்திருந்த காதர் பாய், அக்காவின் கீரைக்கட்டைக் கண்டால் வேறு யாருடையதையும் தொட மாட்டார். "தங்கச்சி கீரை தண்ணியில போட்டா மண்ணு நிக்காது" என்று வாங்க வருகிறவர்களிடம் சொல்வார். அந்தக் கீரையில்தான் நான் பத்தாம் வகுப்பு முடித்தேன், அம்பத்தூரில் ஐ.டி.ஐ. படித்தேன், ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் டர்னராக வேலைக்குச் சேர்ந்தேன்.

மண்ணின் விஷயத்தில் அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. விதைப்பதற்கு முன் ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பிடிப்பார். பிறகு கையைத் திறந்து விரலால் லேசாகத் தட்டுவார். உருண்டை அப்படியே நின்றால் ஈரம் அதிகம். பிடிக்கவே பிடிக்காமல் உதிர்ந்தால் காய்ந்திருக்கிறது. பிடித்து நின்று, தட்டியதும் பொலபொலவென்று உடைந்தால் சிரிப்பார். "புட்டு மாவு பதம்" என்பார். அப்பா உண்டாக்கிய அந்தக் கழனியில் எந்த மூலையில் அள்ளினாலும் அந்தப் பதம் இருந்தது. கறுப்பாக, இடுப்பு ஆழத்துக்கு.

எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கம் எல்லாம் மாறத் தொடங்கியது. சுற்றியிருந்த கழனிகளில் மனைக்கல் நட்டார்கள். என்னோடு வேலை பார்த்தவர்கள் மாடி வீடு கட்டினார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை பிறந்து நாலு வயது ஆகியிருந்தது. நாங்கள் இன்னும் அதே கூரை வீட்டில்தான் இருந்தோம். மழையில் ஒழுகும். மாமனார் வீட்டார் வந்தால் உட்கார வைக்க இடமில்லை. அது எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. இன்று எதை அவமானம் என்று சொல்வது என்பது தெரிகிறது. அன்று தெரியவில்லை.

அந்த வருடம் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று பட்டணத்தில் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆனால் தையலில் சீழ் வைத்துவிட்டதால் ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில்தான் செங்கல் சூளை வைத்திருந்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். கழனியைச் சுற்றிப் பார்த்தார். காலால் ஒரு கட்டியைப் புரட்டினார்.

"ஊடு கட்டணும்னு சொல்லிகினு இருந்தியாமே" என்றார்.

"நிலத்தை விக்க முடியாதுங்க. கவர்மெண்ட் குடுத்த பட்டா" என்றேன்.

"நிலத்த யாரு கேட்டா? நிலம் ஒன்னுதாவே இருக்கட்டும். மேல கீற மண்ணக் குடு. ஊட்டுக்கு எத்தினி கல்லு வேணுமோ நான் எறக்கறேன். முயங்கால் ஆழம் எடுத்துட்டு லெவல் பண்ணிக் குட்த்துடறேன், தண்ணி நல்லா பாயும். மேல்மண்ணு தான நைனா? ரெண்டு மய பேஞ்சா தன்னால வந்துக்கும்."

"அக்காவ ஒரு வார்த்த கேக்கணும்."

"கேளு" என்றார்.

நான் கேட்கவில்லை. இதைத்தான் இங்கே எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அக்காவிடம் கேட்காமல், அவர் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது, நான் சம்மதம் சொன்னேன்.

லாரிகள் பதினேழு நாள் வந்தன. முழங்கால் ஆழம் என்று பேசியது இடுப்பு ஆழமானது. சில இடங்களில் அதற்கும் கீழே போனது. நான் போய்த் தட்டிக் கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து வரும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் வேறு வழியாக வீட்டுக்கு வந்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கஞ்சி எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போவேன். ஒவ்வொரு முறையும் அவர் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்.

"கீரைக்குத் தண்ணி வுட்டியா?"

"வுட்டேன் அக்கா."

"மூலையில போட்டது மொளச்சிதா?"

"மொளச்சிருக்கு அக்கா."

அவர் அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நான் அந்தப் பதிலைச் சொன்னபோது அந்த மூலை சூளையில் போய்ச் சேர்ந்திருந்தது.

அக்காவை அழைத்து வந்த அன்று மாலையே கழனிக்குப் போக வேண்டும் என்றார். "இப்ப வேணாம் அக்கா, தையல் பிரிஞ்சிடும், நாளைக்குப் போலாம்" என்று தடுத்தேன். மறுநாள் அதிகாலையில் முதல் ஷிப்டுக்கு ஓடிவிட்டேன். அவருக்கு முன்னால் நிற்க எனக்குத் தைரியமில்லை. நடந்ததை என் மனைவிதான் பிறகு சொன்னார்.

அக்கா தனியாக நடந்து போனாராம். மனைவி பயந்து பின்னாலேயே போயிருக்கிறார். வரப்பு இருந்த இடத்தில் அக்கா நின்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குழிக்குள் இறங்கினார். கீழே செஞ்சரளை. அது முடிந்த இடத்தில் ஏடு ஏடாக உரியும் ஒரு வெளுத்த கல். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். கையில் நிற்கவில்லை. மேலே வந்து என் மனைவியைக் கேட்டாராம்: "எத்தினி நாளா லாரி வந்துச்சி?"

"பதினேயு நாளு அண்ணி" என்று மனைவி சொல்லிவிட்டு அழுதிருக்கிறார். அக்கா அழவில்லை. "வா, கஞ்சி குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தாராம்.

மாலையில் நான் வந்தபோது அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் எதையோ சொல்லத் தொடங்கினேன். வீடு, குழந்தை, ஒழுகும் கூரை என்று. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும் சொன்னார்:

"என்னாண்ட கேட்டிருந்தா வேணாம்னுருப்பேன். அது ஒனக்குத் தெரியும். அதான் கேக்கல நீ."

அதற்குப் பிறகு சாகும்வரை அந்த விஷயமாக அவர் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை.

வீடு எழும்பியது. கிரகப்பிரவேசத்தன்று அக்கா புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தார். "அப்பா இருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு" என்று என்னிடம் சொன்னார். குத்திச் சொன்னாரா, உள்ளபடி சொன்னாரா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

கீரை போன பிறகு அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். சொந்தக் கழனியில் நின்றவர், நாற்பது வயதை நெருங்கும்போது மற்றவர்கள் மிதித்த தரையைத் துடைத்தார். நான் சம்பாதிக்கிறேன், நீ ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். அவர் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சூளைக்காரர் சொன்னபடி மழை பெய்தது. மண் வரவில்லை. குழி நிறையத் தண்ணீர் நின்றது. தை மாதம் வரை எருமைகள் படுத்துக் கிடந்தன. தண்ணீர் வற்றியதும் சரளை மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. அக்கா கொள்ளு தெளித்துப் பார்த்தார். நாலு இலை விட்டுக் கருகியது.

அப்போதுதான் அவர் ஒன்று செய்தார். கால்வாய்ப் பக்கம் இருந்த கரையைத் தானே வெட்டி ஒரு மடை வைத்தார். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிற நாட்களில் செந்நிறமாக ஓடிவரும் தண்ணீரைக் கழனிக்குள் திருப்புவார். இரண்டு நாள் நிற்க விடுவார். சேறு அடியில் தங்கும். தெளிந்த தண்ணீரை மட்டும் மறுபக்கம் வடித்துவிடுவார். ஒரு மழைக்காலம் முழுவதும் அப்படிச் செய்தால் ஒரு விரல் கனத்துக்கு வண்டல் படிந்திருக்கும். அதன் மேல் தழையுரத்துக்காகக் கொளுஞ்சியும் தக்கைப்பூண்டும் விதைத்து, பூக்கும்போது அப்படியே மடக்கி மிதிப்பார். காதர் பாய் மண்டியில் கழிந்த முட்டைகோஸ் இலை, அழுகிய தக்காளி எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வைத்திருப்பார். வேலை முடிந்து வரும்போது பஸ் பிடித்துப் பூந்தமல்லி போய் அக்கா அதைச் சுமந்து வருவார். கண்டக்டர்கள் ஏற்ற மறுத்தால் நடந்தே வருவார்.

இந்த வேலைகளில் ஒரு நாளும் நான் கூட நிற்கவில்லை. வெட்கத்தினால் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு வேலையிலிருந்து தப்பித்தேன் என்பதுதான் சரி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது ஒன்று. என் மகளுக்கு அப்போது பதினோரு வயது. பள்ளியில் பாறைகளின் வகைகளைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வகைக்கு ஒரு கல் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அத்தையும் மருமகளும் இரண்டு நாள் தேடினார்கள். தண்டவாளத்து ஓரத்தில் ஒரு கருங்கல் ஜல்லி கிடைத்தது. அம்பத்தூரில் தரை போட்டுக்கொண்டிருந்த ஒரு பங்களாவில் உடைந்த சலவைக்கல் துண்டு ஒன்றை அக்கா கேட்டு வாங்கி வந்தார். மூன்றாவது எங்கள் கழனியின் அடியில் இருந்த அந்த வெளுத்த ஏட்டுக்கல். அதைப் பிளந்தபோது உள்ளே ஓர் இலையின் அச்சு இருந்தது. நடுநரம்பும் கிளைநரம்பும் தெளிவாகத் தெரிந்தன. இருவரும் விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்கள். நான் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மகள் ஒவ்வொரு கல்லாக எடுத்துச் சொன்னாள். "இது தீப்பாறை அத்தே. பூமிக்குள்ள கீற நெருப்புக் கொயம்பு ஆறி எறுகினா இப்டி ஆவும். இது படிவுப்பாறை. தண்ணி அடிச்சிகினு வந்த சேறு, மணலு அடுக்கடுக்கா அமுங்கிக் கல்லாயிட்ச்சி. அதான் எல மாட்டிக்கினு கீது. சலவக்கல்லு உருமாறின பாறை. பூமிக்குள்ள சூட்லயும் அயுத்தத்துலயும் வேற மாரி மாறிட்ச்சி."

"அப்ப மண்ணு எதுல சேத்தி?" என்று அக்கா கேட்டார்.

"மண்ணு இதுங்கல்லாம் ஒடஞ்சி வர்றது. வெய்யில்ல வெடிச்சி, மயைல கரஞ்சி, வேரு பூந்து பொளந்து, பொடியாவும். பொடியானா மட்டும் மண்ணு இல்லியாம். எல தழ மக்கணும், புழு பூச்சி வாயணும். அப்பதான் செடி மொளைக்குமாம். மண்ணு இல்லன்னா சோறே இல்லன்னு டீச்சர் சொன்னாங்க."

"அது சரிதான்" என்றார் அக்கா. "எத்தினி நாளாவும்?"

"நாளா? ஒரு வெரக்கட மண்ணுக்கே நூத்துக்கணக்குல வருசம் ஆவுமாம்."

அக்கா கையில் இருந்த ஏட்டுக்கல்லைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் பேப்பரை இறக்கவில்லை. அப்பாவும் அக்காவும் வண்டல் கொட்டியது என் கண்ணால் பார்த்தது. ஆனால் அவர்கள் கொட்டியதற்கு முன்பே அங்கே வண்டலைப் பிடித்துக்கொள்ள ஒரு மண் இருந்திருக்கிறது. எங்கள் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முன்னால் தொடங்கி உண்டான மண். பதினேழு நாளில் அதை நான் அள்ளிக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது.

மகள் கேட்டாள்: "அப்ப நம்ம கயனியில இருந்த மண்ணு எங்க அத்தே போச்சி? முன்னாடி இடுப்பு ஆழம் இருந்துச்சின்னு அம்மா சொன்னாங்களே?"

சமையலறையில் என் மனைவி ஏதோ கிண்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

"நாந்தாம்மா சூளைக்குக் குடுத்துட்டேன்" என்றார். "அப்ப எனக்கு இதெல்லாம் தெரியல."

"ஐயே, என்னா அத்தே நீ" என்றாள் மகள்.

நான் அந்த நிமிடம் பேப்பரை மடித்துவிட்டு, "அத்தை இல்லை, நான்" என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே சொற்கள். பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை.

மறுநாள் தனியாக இருக்கும்போது அக்காவைக் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்ன?"

"கொயந்த ஒன்னப் பாக்கற பார்வ மாறிடும். என்ன இன்னா நெனச்சா இன்னா, நான் அத்த தான" என்றார்.

குழந்தைகள் கேட்டதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வதில்லை. பாடம் நன்றாகப் புரிந்ததால் என் மகள் அதை எல்லாரிடமும் சொன்னாள். ஒரு விரற்கடை மண்ணுக்கு எத்தனை வருடம் ஆகும், எங்கள் அத்தை தெரியாமல் விற்றுவிட்டார் என்று. அது உறவுக்குள் பரவியது. அடுத்த வைகாசியில் ஆவடியில் நடந்த ஒரு கல்யாணத்தில், அம்மாவின் அண்ணனான எங்கள் பெரிய மாமா, பந்தியில் எல்லார் முன்பும் அக்காவைப் பிடித்துக்கொண்டார். அவர் இப்போது இல்லை. அவர் மேல் எந்தக் குறையும் சொல்ல நான் இதை எழுதவில்லை.

"உங்கப்பன் அந்தப் பட்டாவுக்கு எத்தினி தபா தாலுக்கா ஆபீசுக்கு நடந்தான் தெரியுமா? செருப்பு தேஞ்சி நடந்தான்மா. நீ லாரிக்காரன் கையில அள்ளிக் குட்த்துட்டியே. புருசன் இல்லாத பொம்பளன்னு ஏமாத்திட்டானா, இல்ல ஆசையா?"

அக்கா இலையைப் பார்த்தபடி, "புத்தி கெட்டுப் பூட்ச்சி மாமா" என்றார்.

அதே வரிசையில் நாலாவது இலையில் நான் உட்கார்ந்திருந்தேன். என் இலையில் பாயசம் ஊற்றினார்கள். அதைச் சாப்பிட்டேன். இந்த மலரைப் படிக்கிற பலர் அன்று அந்தப் பந்தியில் இருந்தீர்கள். அக்காவைப் பற்றி அன்று முதல் உங்கள் மனதில் என்ன பதிந்ததோ, அது தவறு. சூளைக்கு மண்ணைக் கொடுத்தவன் நான். அக்காவுக்குத் தெரியாமல் கொடுத்தேன்.

அக்கா விடவில்லை. வருடா வருடம் மடை திறந்தார், கொளுஞ்சி மடக்கினார், சாக்கு சுமந்தார். ஆறாவது வருடமோ ஏழாவது வருடமோ, ஒரு மூலையில் ஒரு கட்டில் அகலத்துக்கு அரைக்கீரை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட நேரத்தில் அக்கா வேகமாக வீட்டுக்கு வந்து என் மனைவியையும் மகளையும் கூப்பிட்டார். அவர் கையில் ஓர் ஆமணக்கு இலை. இலையில் கொஞ்சம் ஈரமண்ணும் ஒரு மண்புழுவும்.

"யாரும் கொண்டாந்து வுடல. தானா வந்துகீது" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை அதற்கு முன் பல வருடம் நான் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு அதே கவனத்தோடு அதைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

அன்று நான் பின்னாலேயே போய், மண்வெட்டியை எடுத்து வரப்பைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன். அக்கா சற்று நேரம் கழித்து, "ஒனக்குப் பயக்கமில்ல, கை கொப்புளிச்சிடும், வெய்" என்றார். நான் வைத்துவிட்டேன். அவர் சொன்னதும் வைத்துவிடும் அளவுக்குத்தான் என் பிராயச்சித்தம் இருந்தது.

பிறகு மனை போட ஆட்கள் கேட்டு வந்தார்கள். பட்டா நிபந்தனையைச் சுற்றி வர வழி இருக்கிறது என்றார்கள். அக்கா வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பிவிட்டார். தொண்ணூறுகளின் இறுதியில் அந்தக் கழனியில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் சேர்ந்திருந்தது. பாதி நிலத்தில் கீரை நின்றது. அக்கா கம்பெனி வேலையை விட்டுவிட்டு மறுபடியும் பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் போகத் தொடங்கினார். எட்டு மாதம் போனார்.

ஒரு நாள் காலை மார்க்கெட்டிலேயே கீழே விழுந்தார். காதர் பாய் ஆட்டோ வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகுதான் எங்களுக்கு ஆள் வந்தது. பக்கவாதம். இடது பக்கம் முழுவதும் போய்விட்டது. வாய் கோணிப் பேச்சு குழறியது. ஐந்து மாதம் நான் கட்டிய அந்த வீட்டின் முன்னறையில் படுத்திருந்தார். என் மனைவி அவருக்குத் தாய்க்குச் செய்வது போலச் செய்தார். கல்லூரி விட்டு வந்ததும் என் மகள் கழனிக்குப் போய்த் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, எந்தப் பாத்தி எப்படி இருக்கிறது என்று அத்தையிடம் ஒன்று விடாமல் சொல்வாள். அக்கா வலது கையை அசைத்துக் கேட்டுக்கொள்வார். மகள் சொன்னது எல்லாம் உண்மை. அதை அறைக்கு வெளியே நின்று கேட்கும்போது, மருத்துவமனையில் நான் சொன்ன பதில்கள் நினைவுக்கு வரும்.

கடைசி வாரத்தில் ஒரு நாள், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம், நான் அக்காவின் அருகில் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"அக்கா, மண்ணக் குடுத்தது நான்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோணிய வாயால் ஒரே ஒரு சொல்லைச் சொன்னார். முதலில் எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். சிரமப்பட்டு மறுபடியும் சொன்னார்.

"எப்ப?"

எத்தனையோ வருடமாக அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நான் நம்பியிருந்தேன். அந்த ஒரு சொல்லில் அந்த நம்பிக்கை போயிற்று. "சொல்றேன் அக்கா" என்று மட்டும் சொன்னேன். ஆறு நாள் கழித்து, விடியும் நேரத்தில், என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். அடக்கம் முடிந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர் எல்லாரும் வந்து போனார்கள். அப்போதும் நான் சொல்லவில்லை.

இந்த மலருக்கு என் மகள் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தாள். சென்ற மாதம் அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கும்போது அதைப் படித்தேன். நல்ல கட்டுரை. "என் அத்தை அறியாமல் ஒரு தவறு செய்தார். அந்தத் தவறைத் தன் உடல் உழைப்பால் திருத்திக்கொண்டார்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அச்சகக்காரர், "பொண்ணு நல்லா எழுதியிருக்குங்க" என்றார். நான் அந்தப் பக்கத்தை அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, இதை எழுதத் தொடங்கினேன்.

எழுதி முடித்ததை முதலில் மகளிடம் கொடுத்தேன். இது வேண்டாம், ஊர் சிரிக்கும் என்று என் மனைவி சொன்னார். மகள் முழுவதும் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டு, "ஐயேன்னு சொன்னேன்ப்பா, அத்தைய" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். குழந்தையின் பார்வை மாறிவிடும் என்று அக்கா சொன்னது சரிதான். அது எனக்கு உரியது, நான் வாங்கிக்கொள்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு மேல் மண்டிக் கழிவைத் தரம் பிரித்துச் சாக்கில் கட்டி வைத்ததோடு, அக்கா விழுந்த அன்று கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிய காதர் பாய்க்கும் அவர் வீட்டாருக்கும் எங்கள் நன்றி. படுக்கையில் இருந்த ஐந்து மாதமும் அக்காவைப் புரட்டிப் போட்டுப் புண் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்த, ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் நர்ஸம்மாவுக்கு நன்றி. அக்காவோடு எஸ்டேட்டில் வேலை பார்த்து, இறுதி நாளில் சம்பளம் இல்லாமல் லீவு போட்டு வந்து நின்ற பெண்களுக்கு நன்றி. அண்ணிக்குச் செய்ததை யாரிடமும் சொல்லிக்காட்டாத என் மனைவிக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

திதி அன்று காலை ஒன்பது மணிக்கு வீட்டில் படையல். அக்காவின் கழனியில் விளைந்த கீரைதான் அன்று சமைக்கிறோம். வருகிறவர்களில் பலர் அக்காவைக் கடிந்து பேசியிருக்கிறீர்கள், பேசாமல் மனதில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் மேல் தவறில்லை. கேட்க வேண்டியதை ஆள் மாற்றிக் கேட்டீர்கள், அவ்வளவுதான். அன்று என்னைக் கேளுங்கள். பதில் சொல்ல வாசலிலேயே நிற்பேன்.